தொண்டை நாட்டுத் துப்பாக்கிகளின் பெருமை

ஒரகடத்தில் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கும் ஒருவரை நம் அரசு விசாரிக்கும் விதத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஒரு குடிமகனைப் பற்றி இத்தனை அக்கறையோடும் பொறுமையோடும் இந்தப் பக்கத்தில் வேறு எந்த வாசலிலும் யாரும் விசாரிப்பதில்லை.

அவருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஏ-1 படிவத்தை நிரப்பி, துப்பாக்கி எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டும். காட்டோரம் குடியிருக்கிறேன், பயிருக்கும் மாட்டுக்கும் காவல் வேண்டும், செய்கிற தொழிலால் உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து என்று மெய்யான தேவை ஏதாவது இருக்க வேண்டும். துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். அதைப் பத்திரமாக வைப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அந்த விண்ணப்பத்தைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பி அறிக்கை கேட்பார். நிலையத்தில் பதிவேடுகளைப் புரட்டுவார்கள். பழைய வழக்கு உண்டா, தண்டனை பெற்றவரா, நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்தவரா, தெருவில் அவருக்கு என்ன பேர் என்று பார்ப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே எஸ்-3 படிவம். 1959-ன் ஆயுதச் சட்டம், சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நம்பக் காரணம் இருந்தால் உரிமத்தை மறுக்கும்படி 14-ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. 2016-ல் வந்த ஆயுத விதிகள் அதோடு நிற்கவில்லை. விண்ணப்பதாரரின் உடலையும் மனதையும் மருத்துவர் ஒருவர் பார்த்து, இவர் குடிக்கோ போதைப் பொருளுக்கோ அடிமைப்பட்டவர் இல்லை என்று தனியாகக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்றன. இத்தனையும் தாண்டி உரிமம் கிடைத்தால் அது நாடு முழுவதற்குமான தரவுத்தளத்தில் ஏறும், தனி அடையாள எண் விழும். 2019-ன் திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை என்றும் சேர்த்தது. நம் ஊர்க் கல்யாணங்களில் வெடிப்பது சரவெடிதான் என்றாலும் சட்டம் எல்லா ஊருக்கும் பொது.

அமெரிக்காவோடு வைத்துப் பாருங்கள். அங்கே 1998 முதல் கடைக்காரர் கணினியில் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் பின்னணி விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். மனம் உடைந்த ஒரு இரவில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே ஒரு உயிரைக் காப்பாற்றும். நம் வீடுகளில் பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவையும் பத்திரமும்தான் இருக்கின்றன. இது பெரிய பாக்கியம். இந்தக் கெடுபிடியை ஒரு நூல்கூடத் தளர்த்தக் கூடாது என்பதே என் கட்சி.

பெருமையைச் சொல்லத் தொடங்கிய பிறகு பாதியில் நிறுத்தினால் மரியாதையாக இருக்காது. இந்தச் சட்டம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை என்ன சாதித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2021 செப்டம்பர் கடைசியில் தமிழ்நாடு காவல்துறை மாநிலம் முழுக்க ரவுடிகளைத் தேடி விடிய விடிய ஒரு வேட்டை நடத்தியது. 52 மணி நேரத்தில் 3,325 பேர் கைது. பிடிபட்ட ஆயுதங்கள் 1,117. அவற்றில் துப்பாக்கிகள் 7. துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் ஒரு சட்டம் ஜெயித்ததற்கு இதைவிடப் பெரிய சான்று எந்த நாட்டிலும் கிடைக்காது. மீதி 1,110-ம் கத்தியும் அரிவாளும்.

அரிவாளைப் பற்றியும் சட்டம் யோசிக்காமல் இல்லை. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டும் ஆயுதங்களும் அதன் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்காகச் செய்யப்பட்டவைக்கு விலக்கு. விவசாயியின் கையிலிருக்கும் கருவியை ஆயுதம் என்று சொல்லி அவனை ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது என்று நினைத்த அந்த நல்ல மனதை நான் மதிக்கிறேன். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஒரகடத்திலும் வல்லத்திலும் வயல்கள் சிப்காட்டுக்குப் போய்விட்டன. அங்கே இப்போது கார் விளைகிறது, லாரி விளைகிறது, புல்லட் மோட்டார் சைக்கிள் விளைகிறது. கதிர் அறுக்க ஆளும் இல்லை, கதிரும் இல்லை. அரிவாளுக்குச் சட்டம் கொடுத்த விவசாய மரியாதை மட்டும் அப்படியே இருக்கிறது. எந்தப் பட்டறையிலும் போய் நின்று, தேங்காய் வெட்ட என்று சொன்னால் போதும். அதற்கு ஏ-1 இல்லை, எஸ்-3 இல்லை, 21 வயதும் ஆக வேண்டியதில்லை.

அந்த வேட்டையின்போதே காவல்துறைத் தலைவர் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார். அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரி, செல்போன் எண்ணை எழுதி வையுங்கள், கண்காணிப்புக் கேமரா பொருத்துங்கள், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்றால் மட்டும் விற்பனை செய்யுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். இத்தனை வருடத்தில் கொலைக்கருவியின் பக்கம் ஒரு பின்னணி விசாரணை எட்டிப் பார்த்தது அப்போதுதான். ஆனால் அந்தச் சுமையை யார் தலையில் வைத்தோம்? துப்பாக்கி என்றால் ஆட்சியர், எஸ்.பி., மருத்துவர் என்று ஒரு மாவட்ட நிர்வாகமே உட்கார்ந்து விசாரிக்கிறது. அரிவாள் என்றால் உலையடியில் வேர்த்து நிற்கும் ஒரு கொல்லர், வாங்க வந்த நான்கு இளைஞர்களின் முகத்தைப் பார்த்து, தம்பி ஆதார் கார்டு வெச்சிருக்கியா என்று கேட்க வேண்டும். கேட்கச் சொன்னவர்களுக்கு அவருடைய தைரியத்தின் மேல் இருந்த நம்பிக்கை பெரிது.

இந்த மண் பழைய தொண்டை நாடு. காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் அதியமானுக்காக ஔவையார் தூது வந்ததையும், தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டியதையும் பள்ளியில் படித்திருப்போம். நெய் பூசி, மாலை சூட்டி, பளபளவென்று காவலோடு இருந்த அந்த ஆயுதங்களை அந்த அம்மையார் வாயாரப் புகழ்ந்தார். அதியமானுடையவை முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகவும் சொல்லிவைத்தார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணம் சொல்லச் சொன்னால் தமிழாசிரியர்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஈராயிரம் ஆண்டு கழித்தும் அதே நாட்டில் அந்தப் பாராட்டு இம்மி பிசகாமல் பொருந்துகிறது. உரிமம் பெற்ற துப்பாக்கிகள் எண்ணெய் போட்டுத் துடைத்து, எண் பொறித்து, பூட்டிக் காக்கப்படுகின்றன. வேலை செய்கிற ஆயுதம் பட்டறையில் சாணை பிடித்துக்கொண்டிருக்கிறது.

துப்பாக்கிகளுக்குக் கிடைக்கும் மரியாதை உச்சத்துக்குப் போவது தேர்தல் காலத்தில். தேதி அறிவித்த உடனே உரிமதாரர்கள் வரிசையாக வந்து துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வங்கிக் காவலருக்கும் துப்பாக்கி சுடும் வீரருக்கும் விலக்கு உண்டு. மற்றவர்களின் துப்பாக்கி, முடிவு வந்து நடத்தை விதிகள் விலகிய பிறகே வீட்டுக்குத் திரும்பும். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு அப்படி ஒப்படைத்தவர்களில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கும் ஒருவர். அவருடைய துப்பாக்கி ஜூன் 13 அன்று முறைப்படி அவரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவர் கொலையான பிறகு சென்னைக் காவல் ஆணையரே இதைச் சொன்னார். ஆவணத்தில் ஒரு குறையும் இல்லை. உரிமமும் காலாவதியாகவில்லை. ஜூலை 5 மாலை, பெரம்பூரில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன்னால், சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள் போலச் சட்டை போட்டு வந்தவர்கள் அவரை அரிவாளால் வெட்டிக் கொன்றார்கள்.

இதைத்தான் யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்து என்று மனு கொடுப்பவரின் பின்னணியைச் சட்டம் தோண்டித் துருவுகிறது. அவர் மனது சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் அனுப்புகிறது. ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் அது ஒரு தாளைக்கூட நீட்டுவதில்லை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். ஸ்கிராப். தொழிற்சாலையில் தகடு வெட்டியது போக மிஞ்சும் இரும்புத் துண்டு, மரப்பலகை, அட்டைப்பெட்டி, காலி டிரம். யார் அதை அள்ளுவது என்பதில் கோடிகள் புரள்கின்றன. அதை ஒட்டியே வேன் கான்ட்ராக்ட், கேன்டீன் கான்ட்ராக்ட், லேபர் கான்ட்ராக்ட், மண் அடிக்கும் வேலை. நிலம் போன ஊர்களில் மிச்சமிருந்த வருமானம் இதுதான். அதனால் ஊராட்சித் தலைவர் பதவியே கழுத்துக்குக் கத்தி என்று ஆகிவிட்டது. 2023 ஏப்ரல் கடைசியில் வளர்புரம் ஊராட்சித் தலைவரின் காரை நசரத்பேட்டை அருகே பெங்களூரு நெடுஞ்சாலையில் மறித்து, நாட்டு வெடிகுண்டு வீசி, இறங்கி ஓடியவரைத் துரத்தி வெட்டினார்கள். அதற்கு முந்தைய வருடம் ஜனவரியில் செங்கல்பட்டில் ஒரே மாலையில் இரட்டைக் கொலை. அங்கேயும் நாட்டு வெடிகுண்டு, அரிவாள். நாட்டு வெடிகுண்டுக்கு எந்தப் படிவம் என்று நான் தேட வேண்டியதில்லை. ஒரு வெடிகுண்டு எத்தனை பேரைக் கொண்டுபோகும் என்பதை 1991 மே 21 இரவில் பார்த்த ஊர் ஸ்ரீபெரும்புதூர்.

எஸ்-3 படிவத்தின் நுட்பத்தை இன்னொரு கோணத்திலும் வியக்க வேண்டும். மனநோய் உள்ளவனே ஆபத்தானவன் என்ற எண்ணம் அதன் அடியில் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் காரை மறித்த அந்தக் கூலிப்படையை வரிசையில் நிறுத்தி எந்த மருத்துவரிடம் காட்டினாலும் பெரும்பாலும் எல்லோரும் தேறிவிடுவார்கள். இலக்கின் வீட்டைப் பத்து நாள் நோட்டம் விட்டு, அவர் டீ குடிக்க இறங்கும் நேரத்தைக் குறித்து, வண்டிக்குப் போலி நம்பர் பிளேட் மாட்டி, கோர்ட்டில் சரணடையும் தேதியை வக்கீலோடு பேசி வைத்துவிட்டுக் கிளம்புகிறவனின் சித்தம் மிகத் தெளிவாக இருக்கிறது. மாறாக, உண்மையிலேயே மனம் நொந்தவர்கள் அடிக்கிறவர்களாக இருப்பதைவிட அடிபடுகிறவர்களாக இருப்பதே அதிகம் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் கண்டது. கொலையாளியைத் தேற்றிவிட்டு நோயாளியைச் சந்தேகிக்கும் ஒரு தேர்வை அரசு கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

மதுவுக்கு அடிமை இல்லை என்ற அந்த வரியும் அருமையானது. துப்பாக்கி கேட்பவரிடம் அதைக் கேட்கும் அரசே டாஸ்மாக் நடத்துகிறது. 2021 அக்டோபரில் ஒரகடத்தை ஒட்டிய ஒரு கடையின் விற்பனையாளர், ராத்திரி கடையை மூடிவிட்டுப் புறப்பட்ட நேரத்தில் கொல்லப்பட்டார். பணப்பையோடு இருட்டில் போகும் அந்த ஊழியருக்கு அரசு கொடுத்திருந்த பாதுகாப்பு என்ன என்று கேட்டு மாநிலம் முழுக்க அவருடைய சக ஊழியர்கள் கொதித்தார்கள்.

அதே மாதத்தில் இந்த வட்டாரம் மெய்யாகவே ஒரு துப்பாக்கியைப் பார்த்தது. பென்னலூரில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணின் செயினை இருவர் அறுத்துக்கொண்டு ஓட, துரத்திய மக்களைக் கைத்துப்பாக்கி காட்டி மிரட்டிவிட்டு மேவளூர்க்குப்பம் ஏரிப்பக்கம் மறைந்தார்கள். போலீஸ் டிரோன் விட்டுத் தேடியது. ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார், மற்றவர் பிடிபட்டார். இருவரும் வடமாநிலத்தவர்கள். அவர்கள் கையிலிருந்தது எந்தத் தரவுத்தளத்திலும் ஏறாத கள்ளத் துப்பாக்கி. நாடு முழுக்கத் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமம் இல்லாத துப்பாக்கிகளால் நடப்பவையே. ஜப்பானை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே துப்பாக்கி கேட்பவருக்கு வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, மனநலச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. கெடுபிடியில் நமக்கு அண்ணன். அப்படிப்பட்ட நாட்டின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயை 2022 ஜூலை 8 அன்று கொன்றது ஒருவன் வீட்டிலேயே செய்துகொண்ட துப்பாக்கி.

பென்னலூருக்குப் பிறகு பின்னணி விசாரணை தீவிரமானது. துப்பாக்கி எங்கே வார்க்கப்பட்டது, எந்த ரயிலில் வந்தது என்பதைவிட, பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராகத் தங்கி ஷிப்டுக்குப் போகும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்களின் ஆதார் நகலை வீட்டுக்காரர்களிடம் வாங்குவது சுலபம். இந்த வட்டாரத்தில் ஒரு வடமாநிலத் தொழிலாளியைப் போலப் பின்னணி விசாரிக்கப்பட்டவர் யாரும் இல்லை. வீட்டுக்காரர் விசாரிக்கிறார், ஸ்டேஷனில் விசாரிக்கிறார்கள், கான்ட்ராக்டர் விசாரிக்கிறார், கம்பெனி கேட்டில் விசாரிக்கிறார்கள். அவர் கையில் இருப்பதோ வெல்டிங் கன்.

எல்லாச் சுட்டுக் கொல்லலையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். பென்னலூர்த் தேடலில் இறந்தவர், செங்கல்பட்டு இரட்டைக் கொலைக்கு அடுத்த நாள் இறந்த இருவர், 2023 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தை அடுத்த சோகண்டியில் இறந்தவர், எல்லோரும் போலீஸ் துப்பாக்கியால் இறந்தவர்கள். கடமையில் இருக்கும் அரசு ஊழியருக்கு ஆயுதச் சட்டம் பொருந்தாது என்று 45-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த வட்டாரத்தில் ஊர் பேசும்படி ஆள் சாய்த்த துப்பாக்கிகள் எவையோ, அவற்றுக்கு ஏ-1 கிடையாது.

சீருடைக்குள் இருக்கும் மனதைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். மத்திய ஆயுதப் படைகளில் மருத்துவத் தகுதியை ஷேப் என்ற ஐந்தெழுத்தால் குறிப்பார்கள். அதில் முதல் எழுத்தே மனநிலைக்கு. செவியும் கை காலும் உடலும் கண்ணும் அதற்குப் பிறகுதான். எவ்வளவு பொருத்தமான வரிசை! ஆனால் அந்த வரிசையை வைத்திருக்கும் படையில்தான் 2014 அக்டோபர் 8 அதிகாலை, கல்பாக்கம் அணுமின் நிலையக் காவலில் இருந்த மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைத் தலைமைக் காவலர் ஒருவர் தன்னுடன் பணிபுரிந்த மூவரைச் சுட்டுக் கொன்றார். 2020-க்கும் 2024-க்கும் இடையில் மத்திய ஆயுதப் படைகளில் 700-க்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. லீவு கிடைக்காமல், மனைவிக்குப் பிரசவம் என்றால்கூடப் போக முடியாமல் நிற்கிறவரிடம் வருடத்துக்கு ஒரு முறை அந்த எழுத்தைப் பூர்த்தி செய்து வாங்கினால் மனம் சரியாகிவிடாது.

ஒரகடம் சாலையில் ஒரு வங்கிக் கிளையின் வாசலில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவக்காரர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். வேலூர்ப் பக்கத்து ஆள். துப்பாக்கியின் தோல்வாருக்குக்கூட மெருகு போட்டிருந்தார். தோட்டாக்களை எண்ணி நோட்டில் எழுதி வைத்திருந்தார். "லைசென்ஸ் என் பேர்ல இருக்கு சார். டாக்டர் சர்ட்டிபிகேட் குடுத்தாரு. அஞ்சு வருஷத்துக்கு லைசென்ஸ் நிக்கும்" என்றார். தூக்கம் எப்படி அண்ணே என்றேன். கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். "பகல்ல இங்க. நைட்டு ஒரு குடோன்ல. பொண்ணு காலேஜ் பீஸ் கட்டணும் இல்ல. தூங்குனியான்னு எந்த ஏஜென்சிக்காரனும் கேட்டதில்ல சார், வந்தியான்னுதான் கேப்பான்."

அவரை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சிகளுக்கும் சட்டம் இருக்கிறது. 2005-ல் வந்த தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம். காவலாளியின் முன்னடத்தையைச் சரிபார்க்கச் சொல்கிறது. அதை ஒட்டிய மத்திய மாதிரி விதிகள் ஆண் காவலாளி 160 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்கின்றன. மார்பு 80 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 4 செ.மீ. விரிய வேண்டும். ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும். தட்டைப் பாதம் கூடாது. இந்த உடல்தகுதி குறையாமல் இருக்கிறதா என்று வருடா வருடம் பரிசோதிக்க வேண்டும். பாதம் வரைக்கும் பார்த்தவர்கள் தலைக்குள் இருப்பதைப் பார்க்க மறந்ததற்கு நேரமின்மைதான் காரணமாக இருக்க வேண்டும்.

தொழிற்சாலை வாசல்களிலும் இதே சிரத்தை. புதிதாகச் சேர வருகிறவருக்குக் கண், காது, ரத்தம், எக்ஸ்ரே, நிறக்குருடு எல்லாம் பார்க்கிறார்கள். ராத்திரி ஷிப்டில் நான்கு மாதம் ஓடியபின் அவர் எப்படி இருக்கிறார் என்பதற்குக் கட்டம் போட்ட மெடிக்கல் படிவம் எதையும் நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒரு இளைஞர் மனநல மருத்துவரின் மருந்துச் சீட்டை மணிபர்ஸில் எட்டாக மடித்து, பஸ் பாஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். எச்.ஆருக்குத் தெரிந்தால் மெஷினில் நிற்க விடமாட்டார்கள், கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பயம். 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனநலக் கோளாறு உள்ளவர்களில் நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வருவதில்லை என்று கண்டது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இருந்தது. 14416 என்ற இலவச எண்ணை அழைத்தால் மனநல ஆலோசனை கிடைக்கும். 2022 அக்டோபரிலிருந்து அந்த ஏற்பாடு இருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள். ஒரகடம் சந்திப்பைச் சுற்றி ஆள் தேவை, அறை வாடகைக்கு, பழைய பைக் விற்பனைக்கு என்று சுவரெல்லாம் எண்கள். இந்த எண்ணை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

ஆக, இந்தச் சாலையில் வேலை பார்க்கும் லட்சக்கணக்கானவர்களில் ஒருவரிடம், உன் மனது நன்றாக இருக்கிறதா என்று அரசு எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டுமானால் அவர் துப்பாக்கிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அந்த ஒரு கேள்வியையாவது கேட்கிறார்கள் என்பதற்காக எஸ்-3 படிவத்தை நான் பாராட்டுகிறேன். அதே கேள்வியை, உரிமத்தை மறுப்பதற்கு இல்லாமல் உதவி செய்வதற்காக, பாடி ஷாப்பில் நிற்கிறவரிடமும் கேட்கலாம். வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பெண்களுக்கு விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. அங்கே முதல்முறையாக வீட்டைப் பிரிந்து வந்து படுத்திருக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணிடமும் கேட்கலாம். சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த அண்ணனிடமும் கேட்கலாம். கேட்டதற்காக யாருடைய வேலையும் போகாது என்று ஆணை போடுவது துப்பாக்கித் தரவுத்தளம் நடத்துவதைவிடச் சுலபமான வேலை.

பின்னணி விசாரணையில் இந்த ஆலைகளுக்கு இருக்கும் திறமை உலகத்தரமானது, இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஐ.ஏ.டி.எஃப். 16949 என்று வாகனத் துறைக்கே ஒரு தரநிலை இருக்கிறது. பிரேக்கில் போகும் ஒரு போல்ட்டை எடுத்துக் காட்டினால், எந்த சப்ளையர், எந்த பேட்ச், எந்த உருக்காலைக் கம்பி, எந்த நாளில் எந்த மெஷினில் திரிக்கப்பட்டது என்று ஆவணத்தில் பின்னோக்கிப் போய்ச் சொல்லிவிடுவார்கள். ஒரு போல்ட் ஒடிந்தால் உலகம் முழுக்க வண்டிகளைத் திரும்பக் கூப்பிடுவார்கள். உள்ளே வரும் இரும்பின் ஏழு தலைமுறை தெரியும். அதே இரும்பு துண்டாகி, ஸ்கிராப் லாரியில் ஏறி கேட்டைத் தாண்டி வெளியே போகும்போது அதை வாங்கியவர் யார், அவருக்குப் பின்னால் இருப்பவர் யார், போன வருடம் எடுத்தவர் ஏன் இந்த வருடம் டெண்டருக்கு வரவில்லை என்பது டீக்கடைக்குத் தெரிகிறது, ஆவணத்துக்குத் தெரிவதில்லை. அரிவாளுக்கு ஆள் பிடிக்கும் பணம் அந்த கேட்டிலிருந்துதான் கிளம்புகிறது.

எஸ்-3 படிவத்தை எழுதிய அதே கவனத்தோடு ஸ்கிராப் டெண்டருக்கும் ஒரு படிவத்தை அரசு எழுதட்டும். ஆட்சியரும் எஸ்.பி.யும் அதில் கையெழுத்துப் போடட்டும். ஏலம் எடுப்பவரின் பெயருக்குக் கீழே மூன்றே கேள்விகள் போதும்: பணம் யாருடையது, லாரி யாருடையது, போன முறை எடுத்தவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா.